தொட்டிக்குள் ஒரு குன்னூர்

"புதுக்கோட்டைக்குப் போய் வந்தேன்" என்று நான் சொன்னால், நீங்கள் உடனே என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "சித்தன்னவாசல் சித்திரத்தைப் பார்த்தீர்களா?" என்பீர்கள். "திருக்கோகர்ணத்தில் அரைக்காசு அம்மனைத் தரிசனம் செய்தீர்களா?" என்பீர்கள். கொஞ்சம் சரித்திரத்தில் பற்றுள்ளவரானால், "தொண்டைமான் ராஜாக்களின் அரண்மனை எப்படி இருக்கிறது?" என்றும் விசாரிப்பீர்கள். எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் நான் ரயில் ஏறியது இவற்றில் எதற்காகவும் அல்ல. ஒரு பூந்தொட்டிக்காக!

சிரிக்காதீர்கள். விஷயத்தைக் கேட்டால் நீங்களும் அடுத்த ரயிலில் ஏறியிருப்பீர்கள்.

என் அக்கா முப்பத்திரண்டு வருஷம் குன்னூரில் குடித்தனம் செய்தவள். அத்தானுக்கு அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு வேலை. அத்தான் காலமானதும், புதுக்கோட்டையில் பாங்க் உத்தியோகம் பார்க்கும் மகன், "இனிமேல் அங்கே தனியாக இருக்கக் கூடாது, அம்மா" என்று சொல்லி அழைத்து வந்துவிட்டான். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனமும் ஒரு சின்ன லாரியில் அடங்கிவிட்டது. லாரியில் ஏற்ற அக்கா சம்மதிக்காத சாமான் ஒன்றே ஒன்று. அதைக் காரில் மடியோடு அணைத்துக்கொண்டு மலை இறங்கினாள். அதுதான் அவளுடைய ஹைட்ரேஞ்சியாச் செடி.

அவள் இறங்கியது மாசி மாதம். சித்திரையில் எனக்கு டெலிபோன் வந்தது.

"ஏண்டி, அது சாகப் போகிறது போல இருக்கிறது. நீ மொட்டை மாடியில் பத்துத் தொட்டி வைத்திருக்கிறாயே, ஒரு தடவை வந்து பாரேன்."

"அது" என்று அவள் சொன்ன குரலில் செடியைப் பற்றி மட்டும் பேச்சு இல்லை என்று எனக்குத் தோன்றியது. அன்று இரவே ராமேசுவரம் ரயிலில் புறப்பட்டுவிட்டேன்.

பந்துப் பூ

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனவர்கள் இந்தச் செடியைப் பார்த்திருப்பீர்கள். பழைய பங்களாக்களின் வாசலில், வேலி ஓரங்களில், தேங்காய் அளவுக்குப் பந்து பந்தாக நீலப் பூக்கள் நிற்குமே, அதுதான். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பந்திலும் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் இதழ் அல்ல, பூவைத் தாங்கும் புல்லி. நிஜமான பூ நடுவில் கடுகளவு ஒளிந்துகொண்டிருக்கும்! அக்கா வீட்டில் இதற்குப் "பந்துப் பூ" என்று பெயர்.

இதன் பூர்வீகம் ஜப்பான். ஜெர்மனியில் பிறந்த பிலிப் ஃபிரான்ஸ் வான் ஸீபோல்ட் என்ற டாக்டர் 1823-இல் நாகசாகித் துறைமுகத்துக்கு வந்தார். அங்கே குசுமோட்டோ டாக்கி என்ற ஜப்பானியப் பெண்ணோடு வாழ்ந்தார். 1829-இல் ஜப்பானிய அரசாங்கம் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியபோது டாக்கியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. ஐரோப்பா போய்ச் சேர்ந்தவர், தாம் கண்ட ஹைட்ரேஞ்சியா ஒன்றுக்கு அவள் நினைவாக "ஒட்டாக்ஸா" என்று பெயர் வைத்தார். அந்தக் கைக்குழந்தை இனே பிற்காலத்தில் மேனாட்டு வைத்தியம் பயின்று, ஜப்பானின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவரானார். 1886-இல் இதே புதுக்கோட்டையில் பிறந்து டாக்டரான முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துக்கொண்டேன். எங்கேயோ நாகசாகி, எங்கேயோ புதுக்கோட்டை!

இந்தக் கதையை நான் சொன்னபோது அக்கா, "பாவம், அந்தப் பெண்பிள்ளை ஊரிலேயே இருந்துவிட்டாள், பூதான் கப்பல் ஏறிற்று" என்றாள். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

செடி இருந்த நிலையைச் சொல்கிறேன். மருமகள் நல்ல பெண். அத்தையின் செடிக்கு வீட்டிலேயே சிறந்த இடம் கொடுக்க வேண்டும் என்று, நாள் முழுதும் வெயில் அடிக்கும் மொட்டை மாடியில், புதிதாக வாங்கிய கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்திருந்தாள். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி தண்ணீர். அப்படியும் வெற்றிலையைவிடப் பெரிய அந்த இலைகள் நனைந்த துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன. ஓரமெல்லாம் கருகியிருந்தது.

"இவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறேன், சித்தி. குடிக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை" என்றாள் மருமகள். கண் கலங்கியிருந்தது.

தொட்டியின் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே ஈரம். இரண்டு அங்குலத்துக்குக் கீழே சுக்குப் பொடி! வேரைச் சுற்றியிருந்த மலை மண் ஒரேயடியாகக் காய்ந்து, பந்து போல் இறுகிவிட்டது. ஊற்றிய தண்ணீரெல்லாம் அதைத் தொடாமல் தொட்டியின் விளிம்போடு வழிந்து அடித் துவாரம் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

இதற்கு ஒரே வைத்தியம்தான். தொட்டியைத் தூக்கி, தண்ணீர் நிறைந்த அகலமான வாளிக்குள் விளிம்பு வரை இறக்கினோம். குபுகுபுவென்று குமிழி வந்தது. குமிழி நின்ற பிறகும் கொஞ்ச நேரம், மொத்தம் அரைமணி, அப்படியே வைத்து எடுத்து வடியவிட்டு, முற்றத்து நிழலில் வைத்தோம். மாலை ஆறு மணிக்கு அக்காவின் பேத்தி ஓடி வந்தாள்.

"அப்பத்தா! அது எந்திரிச்சிருச்சு!"

உண்மையாகவே தொங்கிய இலைகளில் பாதிக்கு மேல் நிமிர்ந்திருந்தன. அன்று இரவு அக்கா இரண்டாவது கரண்டி சாதம் போட்டுக்கொண்டாள். வந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மருமகள் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தாள்.

மழையூர்ப் பானை

எழுந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டால் போதுமா? குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். புதுக்கோட்டையோ நூறு மீட்டரை ஒட்டிய சமவெளி. அக்கினி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். ஆகவே, மறுநாள் காலையில் முதல் காரியமாகத் தொட்டியை மாற்றுவது என்று தீர்மானித்தோம்.

புதுக்கோட்டைப் பட்டணத்தின் வீதிகள் அளவெடுத்துக் கோடு போட்டாற்போல நேராக இருக்கும். 1878 முதல் 1894 வரை இங்கே நிர்வாகம் நடத்திய திவான் சேஷய்யா சாஸ்திரியாரின் காலத்தில் நகரம் திருத்தி அமைந்த அழகு அது. அந்த வீதிகளைத் தாண்டி, கறம்பக்குடி பக்கமாகப் போனோம். வழி நெடுகச் செம்மண். அங்கங்கே செம்புராங்கல் பாறை. ஐயனார் கோயில்களின் முன்னால் வரிசை வரிசையாக மண் குதிரைகள். இந்தக் குதிரைகளைச் செய்யும் வேளார்கள் வாழும் ஊர்களில் ஒன்றுதான் மழையூர். பெயரைக் கேட்டதுமே அக்காவுக்குப் பிடித்துப் போயிற்று.

சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் நாங்கள் கேட்டதைக் கவனமாகக் கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஆத்தா, அது குளுந்த ஊருச் செடியா?" என்றார்.

"ஆமாம் ஐயா. குன்னூர்."

"அப்ப அதுக்கு வேர்லதான் குளுமை கொடுக்கணும். வீட்டுல தண்ணிப் பானை எப்பிடி வைப்பீங்க? ஈர மணல்ல தானே? அதே மாதிரிதான். பெரிய தொட்டி ஒண்ணு, சின்னத் தொட்டி ஒண்ணு. பெரிசுக்குள்ள சின்னதை வச்சு, நடுவுல மணலைக் கொட்டி நனைச்சு விடுங்க."

பாருங்கள், இதைச் சொல்ல ஒரு சாஸ்திர நிபுணர் வேண்டியிருக்கவில்லை! மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் நுண்ணிய துவாரங்கள் வழியாக நீர் கசிந்து, ஆவியாகும்போது வெப்பத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. மண் தொட்டியிலும் அதே வேலை நடக்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் நீர் கசிய வழி இல்லை, வெயிலை உறிஞ்சுவது மட்டும் உண்டு. வேர் உள்ளே வெந்துவிடும். பெயிண்ட் அடித்த மண் தொட்டியும் பிரயோஜனம் இல்லை. துவாரங்கள் அடைபட்டுப் போகும்.

பெரியவர் சின்னத் தொட்டிக்கு மூன்று துவாரம் போட்டுக் கொடுத்தார். பெரியதற்கும் அடியில் துவாரம் உண்டு. "தண்ணி நிக்கக் கூடாது ஆத்தா. நின்னா அழுகிரும்" என்றார். கிளம்பும்போது ஐந்து சின்னச் சட்டிகளை அக்காவிடம் நீட்டி, "புள்ளைக்கு விளையாட வச்சுக்கங்க" என்றார். அந்தச் சட்டிகளை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரும்.

மண்ணையும் நாங்களே கலந்தோம். தோட்டத்துச் செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலை உரம் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு, கொஞ்சம் ஆற்று மணல். நார்க் கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். இறுகியிருந்த வேர்ப் பந்தை விரலால் மெதுவாகத் தளர்த்தி, முன்பு இருந்த ஆழத்திலேயே நட்டோம்.

இடம்? முற்றத்தின் கிழக்கு மூலை. காலையில் ஒன்பது மணி வரை இளவெயில் விழும். பிறகு நாள் முழுதும் வெளிச்சமான நிழல். அதுதான் இந்தச் செடிக்கு உகந்தது. உச்சி வெயிலும் சாயங்கால வெயிலும் ஆகவே ஆகாது. ஒருவேளை நடுப்பகலில் இலை துவண்டால் உடனே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சும்மா விடுங்கள். சாயங்காலம் தானே நிமிரும். வெயிலில் இலை விடும் மூச்சுக்கு வேரால் ஈடு கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஈரம் இருக்கும்போது மேலும் ஊற்றினால் வேர் அழுகும்.

பாத்திரத்தில் பிடித்த மழை

"அப்பத்தா, பூ சாயம் போச்சு!" என்று பேத்தி ஒரு நாள் கூச்சல் போட்டாள்.

மலையிலிருந்து வந்தபோது நீலமாக இருந்த பூ, வெளிறிப் பச்சையாகிவிட்டது. அது வயதான பூவுக்கு இயல்புதான். ஆனால் இங்கே வந்த பிறகு கிளை நுனியில் விரிந்த ஒரு சின்னக் கொத்து நீலமாகவும் இல்லை, ரோஜா நிறமாகவும் இல்லை. பழைய புடவைக் கரை மாதிரி ஒரு மங்கலான ஊதா.

இந்தப் பூவின் வேடிக்கையே அதுதான். நிறம் அதன் கையில் இல்லை, மண்ணின் கையில் இருக்கிறது. மண் புளிப்பாக இருந்தால் அதிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறி, பூவை நீலமாக்குகிறது. மண் காரமாக இருந்தால் அலுமினியம் கரையாமல் கிடக்கிறது. பூ ரோஜா நிறமாகிறது. நடுவில் இருந்தால் ஊதா. தேயிலைக்குப் புளிப்பு மண்தான் வேண்டும். ஆகவே தேயிலை விளையும் குன்னூரில் பந்துப் பூ நீலமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. வெள்ளைப் பூ ஜாதி மட்டும் எந்த மண்ணிலும் வெள்ளைதான்.

இதில் இன்னொரு விசித்திரம். புதுக்கோட்டையின் செம்புராங்கல்லில் இரும்போடு அலுமினியமும் ஏராளமாக இருக்கிறது. ஆனால் கல்லில் பூட்டிக் கிடக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரோ பல வீடுகளில் பருப்பு வேகாத உப்புத் தண்ணீர். அதை ஊற்ற ஊற்ற மண் காரமாகும். நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளாகும். அக்காவின் செடியிலும் இரண்டு இலைகள் அப்படி ஆகியிருந்தன.

துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் புதைத்தால் நீலம் வரும் என்று சிலர் சொல்வார்கள். அது வீண் பேச்சு. ஆணியில் இருப்பது இரும்பு, வேண்டியது அலுமினியம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரத்தில் அது இருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி கரைத்து, ஈரமான மண்ணில், பதினைந்து நாளுக்கு ஒரு முறை விட்டால் போதும். ஆசைப்பட்டு அதிகம் போட்டால் வேர் கருகிவிடும்.

எல்லாவற்றையும்விட உத்தமம் மழைத் தண்ணீர். இந்த ஜில்லாவின் சரித்திரமே மழையைப் பாத்திரத்தில் பிடித்த சரித்திரம்தானே! வற்றாத ஜீவநதி ஒன்றும் இங்கே இல்லை. வெள்ளாறும் மழை பெய்தால்தான் ஆறு. அதனால் முன்னோர் ஊருக்கு ஊர் ஏரி, கண்மாய், ஊருணி என்று வெட்டி வைத்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் விழும் மழையைச் சேர்த்து வைத்து வருஷத்தை ஓட்டினார்கள். சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் தீட்டியதும் என்ன? ஒரு தாமரைக் குளம்தான். மீனும் வாத்தும் எருமையும் யானையும், நடுவே தாமரை பறிக்கும் மனிதர்களும். தண்ணீரின் அருமை தெரிந்த சீமையில்தான் இப்படி ஒரு குளத்தைக் கல் கூரையில் எழுதி வைக்கத் தோன்றும்.

ஹைட்ரேஞ்சியா என்ற பெயருக்கும் கிரேக்க மொழியில் "தண்ணீர்ப் பாத்திரம்" என்பதுதான் அர்த்தம். அதன் விதைக் காய் குட்டிக் குடம் போல இருப்பதால் வந்த பெயர். இதைச் சொன்னதும் அக்கா முதல் தடவையாகச் சிரித்தாள். "அப்படியானால் சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறது என்று சொல்!" என்றாள்.

மகன் மொட்டை மாடிக் குழாயின் கீழ் ஒரு டிரம் வைத்துக் கொடுத்தான். சித்திரை மழை இரண்டே நாள் பெய்தது, டிரம் நிறைந்தது. டிரம் காலியானால் ஏ.ஸி. மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றச் சொன்னேன். அதில் உப்பு இல்லை. குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரை மட்டும் தொட்டிக்கு விடாதீர்கள். வீட்டு உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான்.

இன்னொரு எச்சரிக்கை, தாய்மார்களே. இந்தச் செடியின் இலையிலும் பூவிலும் விஷம் உண்டு. அழகாக இருக்கிறதே என்று பலகாரத் தட்டில் அலங்காரமாக வைக்காதீர்கள். குழந்தை வாயில் வைக்காமலும், அடுத்த வீட்டு ஆடு வந்து மேயாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீரமங்கலத்துக் கேள்வி

ஊருக்குத் திரும்புமுன் அக்காவை ஒரு நாள் வெளியே அழைத்துப் போக வேண்டும் என்று நினைத்தேன். "பூ பார்க்கலாம், வா" என்று ஆலங்குடி வழியாகக் கீரமங்கலத்துக்குக் கூட்டிப் போனேன்.

பூவென்றால் பூ! கீரமங்கலம், சேரியலூர், பனங்குளம், குளமங்கலம், வடகாடு என்று சுற்றுப்பட்ட கிராமங்கள் பூச் சாகுபடிக்குப் பேர் போனவை. மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, அரளி என்று மூட்டை மூட்டையாகக் கமிஷன் கடைகளுக்கு வந்து இறங்குகின்றன. தராசுக்கு முன்னால் நின்ற அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் மூச்சை இழுத்தாள். குன்னூரின் நீலப் பந்துக்கு மணமே கிடையாது என்பதை அப்போதுதான் நானும் நினைத்துப் பார்த்தேன்.

பூ கொண்டு வந்திருந்த ஒரு விவசாயப் பெண்மணியிடம் பேத்தி டெலிபோனில் பந்துப் பூவின் படத்தைக் காட்டினாள்.

"வாசம் உண்டா?"

"இல்லை."

"மாலை கட்டலாமா?"

"கட்ட முடியாது."

"தலையில வைக்கலாமா?"

பேத்தி அந்தப் பந்தைத் தன் தலையில் வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப எதுக்கு அதுக்கு இம்புட்டுத் தண்ணி?" என்றாள் அந்தப் பெண்மணி. கேலி அல்ல. குழாய்க் கிணற்றின் ஆழம் வருஷத்துக்கு வருஷம் ஏறுவதைப் பார்க்கிறவள் கேட்கும் நியாயமான கேள்வி.

அக்கா கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "அது எங்கள் வீட்டு வாசலில் இருந்தது, அம்மா" என்றாள்.

அந்தப் பெண்மணி உடனே தலையை ஆட்டினாள். வேறு விளக்கம் கேட்கவில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டதை அவளே சொன்னாள். தென்னையும் பலாவும் ஓரிரவில் சாய்ந்துவிட்டன. "எங்க மாமியா நட்ட பலா. விழுந்தன்னைக்கு வீட்டுல ஒருத்தரும் உலை வைக்கலை. ஆனா மல்லி வேரு இருந்துச்சு. கவாத்துப் பண்ணி விட்டோம், திரும்பத் துளுத்துச்சு. மல்லிக்கு வெட்ட வெட்டத்தான் பூ" என்றாள். அக்காவின் கையில் ஒரு முழம் மல்லிகையை வைத்து, காசு வாங்க மறுத்துவிட்டாள்.

திரும்பும் வழியில் குளமங்கலத்தில் ஐயனார் கோயிலின் பிரம்மாண்டமான குதிரையைப் பார்த்தோம். முப்பது அடிக்கு மேல் உயரம். மாசி மகத்தின்போது ஜனங்கள் பிரார்த்தனையாகக் கொண்டு வந்து அதன்மேல் சாற்றுவது காகிதப் பூ மாலைகள்! "இந்தப் பூவுக்குத் தண்ணீரே வேண்டாம், அப்பத்தா" என்றாள் பேத்தி. அக்கா மடியிலிருந்த மல்லிகையைத் தடவிக்கொண்டே வந்தாள். அதைத் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் மருமகளைக் கூப்பிட்டு அவள் தலையில் வைத்தாள்.

ஐந்து குச்சிகள்

மறுபடியும் நான் புதுக்கோட்டைக்குப் போனது தை மாதம். அக்கினி நட்சத்திரத்தைச் செடி தாண்டிவிட்டது என்று அவ்வப்போது செய்தி வந்தது. ஐப்பசி மழையில் புதுத் துளிர் விட்டு, தொட்டி கொள்ளாமல் பச்சைப் பசேலென்று வளர்ந்துவிட்டதாம். பூத்திருக்கும் என்ற ஆசையோடு முற்றத்துக்குள் நுழைந்தேன். செடி இருந்தது, இலை இருந்தது. ஆனால் கிளை நுனிகளைக் காணோம்! தலை கிராப் வெட்டினாற்போல ஒரே மட்டமாக இருந்தது.

நடந்தது இதுதான். கீரமங்கலத்துப் பெண்மணி சொன்ன மல்லிகைக் கவாத்து விஷயத்தைப் பேத்தி வீட்டில் வந்து சொல்லியிருக்கிறாள். மார்கழி ஆரம்பத்தில் அக்கா கோயிலுக்குப் போயிருந்த சமயம், மருமகள் கத்தரிக்கோலை எடுத்து, "அத்தைக்கு நிறையப் பூ வரட்டும்" என்று எல்லா நுனிகளையும் வெட்டிவிட்டாள்.

மல்லிகை புதுக் கிளையில் பூக்கிற ஜாதி. வெட்டினால் நல்லது. பந்துப் பூவின் தர்மம் வேறு. போன பருவத்தில் வளர்ந்த கிளையின் நுனியிலேதான் அடுத்த பூவின் மொட்டு ஒளிந்திருக்கும். ஆகையால் பூ வாடியவுடன் அந்தத் தலையை மட்டும் கிள்ளி, அப்போதே லேசாகக் கவாத்துச் செய்துவிட வேண்டும். பருவம் தாண்டிய பிறகு நுனியை வெட்டினால் அந்த வருஷத்துப் பூவையே வெட்டியதாக அர்த்தம்.

விஷயத்தைப் பிற்பாடு தெரிந்துகொண்ட மருமகள் இரண்டு நாள் மாமியாரின் முகத்தைப் பார்க்கவே கூசினாளாம்.

"அக்கா, உனக்குக் கோபம் வரவில்லையா?" என்று நான் ரகசியமாகக் கேட்டேன்.

"வந்தது" என்றாள் அக்கா. "கோயிலிலிருந்து வந்து பார்த்ததும் அடிவயிற்றில் என்னவோ செய்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்புறம் யோசித்தேன். அவள் வெட்டாவிட்டால் மட்டும் பூத்திருக்குமா? நீதானே சொன்னாய், இதற்கு மொட்டுக் கட்டவே ஆறு வாரமாவது குளிர் வேண்டும் என்று?"

அவள் சொன்னது சரி. பதினெட்டு டிகிரிக்குக் கீழே குளிர்ந்த இரவுகள் தொடர்ந்து சில வாரங்கள் கிடைத்தால்தான் இந்தச் செடி நன்றாக மொட்டுக் கட்டும். புதுக்கோட்டையில் மார்கழி இரவும் பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது. உங்களிடமும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நர்ஸரியில் பூவோடு வாங்கிய ஹைட்ரேஞ்சியாவைச் சமவெளியில் பிழைக்க வைக்கலாம். பசுமையாக வைத்துக்கொள்ளலாம். மறு வருஷம் பூக்கும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

"அதை அவளிடம் சொன்னாயா?"

"அன்று ராத்திரியே சொல்லிவிட்டேன். 'நீ வெட்டாவிட்டாலும் பூத்திருக்காது, பெண்ணே. நீ வெட்டினதால் எனக்கு ஒரு லாபம், வா, காட்டுகிறேன்' என்று கையைப் பிடித்து அழைத்துப் போனேன்."

எனக்கும் காட்டினாள். கிணற்றடி நிழலில், மழையூர்ப் பெரியவர் கொடுத்த ஐந்து சின்னச் சட்டிகள்! வெட்டிய நுனிகளில் பூக்காத இளங்கிளைகளாக ஐந்தைப் பொறுக்கி, சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளி, மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, ஈர மணலும் நார்க் கழிவும் கலந்த சட்டிகளில் நட்டிருந்தாள். மேலே காற்றுப் போக ஊசித் துவாரமிட்ட பாலிதீன் பை. இலையைப் பாதியாக வெட்டுவது, வேர் இல்லாத குச்சி நீரை வீணாக இழக்காமல் இருப்பதற்காக. நாலு வாரத்தில் மூன்று குச்சிகள் வேர் பிடித்துவிட்டன.

"இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?"

"குன்னூரில் எல்லார் வீட்டிலும் இப்படித்தானே வைப்போம்? உங்கள் அத்தான் வைத்த முதல் செடியே அடுத்த பங்களாத் தோட்டக்காரர் கொடுத்த குச்சிதான்" என்றாள் அக்கா.

மூன்றில் ஒன்றைக் குன்னூர்ப் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் பொங்கலுக்கு வந்தபோது எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒன்று பேத்தியின் சட்டி. சாக்பீஸால் அவள் பெயரை எழுதி வைத்திருந்தாள். மூன்றாவது எனக்கு.

"உன் மெட்ராஸ் உப்புக் காற்றில் இது பூக்காது. தெரிந்துதான் தருகிறேன்" என்றாள்.

ரயிலில் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிர் ஸீட்டு அம்மாள், "இது என்ன செடி? பூக்குமா?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது? "எங்கள் அக்கா வீட்டு வாசலில் இருந்தது" என்றேன். அந்த அம்மாளும் தலையை ஆட்டிவிட்டு, சட்டி சாயாமல் இருக்கத் தன் பையை அதன் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

இப்போது அது என் சமையலறை ஜன்னலில், ஈர மணல் தட்டின்மேல் இருக்கிறது. போன வாரம் அக்கா டெலிபோனில் பேசினாள். செடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீரமங்கலத்திலிருந்து இரண்டு மல்லிகைப் பதியன் வாங்கி வந்து மொட்டை மாடியில் வைத்திருக்கிறார்களாம். அங்கே நாள் முழுதும் நல்ல வெயில் படுகிறதாம்.